தேய்த்தும் போகாத கறுப்பு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சர்க்கரையில்தான் போய் நிற்கிறது. யாருக்கு என்ன மாத்திரை, யார் வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறார், யார் அரிசியை விட்டு வரகுக்கு மாறி வயிறு உப்பி அவதிப்படுகிறார். போன மாதம் நம் பள்ளித் தோழிகள் எல்லாரும் சேலையூரில் ஒருத்தி வீட்டு மொட்டை மாடியில் கூடினோமே, அன்றைக்கும் அதுதான். யாருக்கு எப்போது ஆரம்பித்தது என்று ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். ஒருத்தி மாதவிடாய் நின்றபோது என்றாள். இன்னொருத்தி கணவர் போன வருஷம் என்றாள். என் முறை வந்தபோது, ஏழாம் வகுப்பில் என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். அதற்குள் யாரோ போண்டாத் தட்டை நீட்ட, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உங்களில் பாதிப் பேர் அந்த வகுப்பில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள். அது ஆரம்பித்த இடத்தை நீங்களே கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். என் கழுத்து.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில், ஏரிப் பக்கம் புதிதாக எழும்பிய காலனியில் இருந்தோம். வீட்டுக்கு வீடு நடுவே காலி மனை, காலி மனை முழுக்க எருக்கஞ்செடி. அப்பாவுக்கு நுங்கம்பாக்கத்தில் சர்க்கார் அலுவலகம். காலையில் சைக்கிளில் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயில். அக்கா என்னைவிடச் சற்று மூத்தவள். ஒல்லி, நல்ல நிறம். நான் குண்டு, மாநிறம். இதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை. அப்போது வீட்டில் எல்லாரும் கூச்சமில்லாமல்தான் சொன்னார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதம். அம்மா எனக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். காலை அவசரத்தில் அவள் இழுக்கிற இழுப்பில் கண்ணோரம் தண்ணீர் வந்துவிடும். வகிடு எடுத்து ஒரு பக்கத்து முடியை முன்னால் தூக்கிப் போட்டவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி இது, கழுத்துல இவ்வளவு அழுக்கு?"

கட்டைவிரலை எச்சிலில் தொட்டு என் பிடரியில் அழுத்தித் தேய்த்தாள். அப்புறம் முந்தானையைச் செம்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள். முந்தானையில் கறையே இல்லை. துணியில் ஒட்டாதது எப்படி அழுக்காகும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். காலை நேரத்தில் அவளுக்கு யோசிக்க நேரமில்லை. அந்த ஒரு நிமிஷத்தை அதன்பிறகும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இதை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது.

அது வலிக்காது. அரிக்காது. தொட்டுப் பார்த்தால் வெல்வெட் துணியை எதிர்ப்பக்கமாகத் தடவின மாதிரி கொஞ்சம் தடிப்பாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை. கழுத்து மடிப்புகளில் கோடு கோடாக இன்னும் கறுப்பு. அக்குளிலும் இருந்தது, அது யாருக்கும் தெரியாது என்பதால் அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

காரணம் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. எங்கள் காலனிக் கிணற்றில் உப்புத் தண்ணீர், அதனால்தான் என்றார் பக்கத்து வீட்டு மாமா. பல்லாவரத்துக் கல்குவாரித் தூசி காற்றில் வந்து படிகிறது என்றார் எதிர் வீட்டுக்காரர். மாம்பலத்திலிருந்து வந்த அத்தை என் கவரிங் செயினைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்து, இந்தப் பித்தளைதான் கறுக்க வைக்கிறது என்று தீர்ப்புச் சொன்னாள். செயின் போனது. அந்தச் செயினில் ஒரு சின்ன மாங்காய் டாலர் இருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். திருப்பித் தரவே இல்லை. கறுப்பும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல். கொல்லையில் செங்கல் அடுப்பின் மேல் பித்தளைத் தவலையில் வெந்நீர் கொதிக்கும். சவுக்கு மிளார் எரிகிற புகையும் சீயக்காய் நெடியும் மூக்கில் ஏறும். அக்கா முதலில் குளித்துவிட்டுப் போய்விடுவாள். என் முறை வந்தால் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொள்வாள். முதல் மாதம் பயத்தமாவு, அடுத்த மாதம் எலுமிச்சம்பழத் தோலும் உப்பும், அதற்கும் மசியாமல் பீர்க்கங்காய் நார். மழைக்காலம் வந்தபோது குதிகால் தேய்க்கிற கல் வந்துவிட்டது. ஒரு கையால் என் தலையைக் குனியவைத்துப் பிடித்துக்கொள்வாள். மறு கை தேய்க்கும். துவைக்கிற கல்லின் வெடிப்பில் ஓடும் நுரையை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கத்தினால் அக்கம்பக்கம் கேட்கும் என்று திட்டு விழும்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் முக்கியம்.

சாமான் வாங்க மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு அப்பா போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். சைக்கிள் கேரியரில் நான் உட்கார்ந்தால் என் கண்ணுக்கு நேராக அப்பாவின் கழுத்து இருக்கும். ரயில்வே கேட் மூடியிருந்தால் கூட்ஸ் வண்டி போகும்வரை நிற்போம், வேறு பார்க்க ஒன்றும் இருக்காது. அப்பா சட்டைக் காலர் அழுக்காகக் கூடாது என்று கர்ச்சீப்பை நாலாக மடித்துக் கழுத்தைச் சுற்றி வைத்திருப்பார். அந்தக் காலத்தில் ரயிலில் போகிற முக்கால்வாசி ஆண்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஒருநாள் கேட்டில் நிற்கும்போது அவர் கர்ச்சீப்பை எடுத்து முகம் துடைத்தார். பார்த்தேன். அதே பட்டை. அதே கோடுகள். விரலால் தொட்டேன். அதே வெல்வெட்.

"என்னம்மா?" என்றார் திரும்பாமலே.

ஒண்ணுமில்லப்பா என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டில் அக்கா அம்மா ஜாடை, நான் யார் ஜாடையும் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்பாவின் கழுத்து வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதைப் போய் யாராவது தேய்ப்பார்களா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குனிந்தபடியே அம்மாவிடம் சொன்னேன், அப்பா கழுத்தும் இப்படித்தானே இருக்கு, அவரை மட்டும் ஏன் தேய்க்கறதில்லை என்று. ஈரக் கையால் முதுகில் ஓர் அறை விழுந்தது. வெயிலிலும் ரயிலிலும் அலைகிற மனுஷனும் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிற நீயும் ஒன்றா என்று கேட்டாள். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகத் தேய்த்தாள். அம்மா அடிக்கிற ஆள் இல்லை. அதனால் அந்த அடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்து விஷயம் உங்களுக்கே தெரியும். திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் நம் கிளாஸ் டீச்சர் வரிசையாக நகம் பார்ப்பார், ரிப்பன் பார்ப்பார், கர்ச்சீப் பார்ப்பார். கடைசியில் ஸ்கேல் நுனியால் சடையை விலக்கிக் கழுத்தைப் பார்ப்பார். என்னிடம் வந்தால் ஸ்கேல் நின்றுவிடும். "உங்க வீட்டுல தண்ணியே வராதா?" என்பார். நீங்கள் சிரித்தீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிலர் சிரித்தீர்கள். போய் நன்றாகக் கழுவிக்கொண்டு வா என்று குழாயடிக்கு அனுப்புவார். நான் கழுவிக்கொண்டு, காலர் நனைந்து, முதுகில் தண்ணீர் வழிய வந்து நிற்பேன். அது அப்படியேதான் இருக்கும். சொல்பேச்சுக் கேட்காதவள் என்று முதல் பீரியட் முழுக்க வெளியே நிற்க வைப்பார்.

ஒரு திங்கட்கிழமை குழாயடியில் உடைந்த செங்கல் ஒன்று கிடந்தது. அதை எடுத்து நானே தேய்த்துக்கொண்டேன். பள்ளிக்கூட ஆயா பார்த்துவிட்டு ஓடிவந்து கையிலிருந்து பிடுங்கினாள்.

"இன்னா பண்ணிகினு கீற நீ? தோலு உரிஞ்சிடப் போவுது."

அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். இது கரப்பான் நோய், கத்திரிக்காய் தின்னாதே, உங்கம்மாகிட்ட சொல்லு என்றாள். அவள் சொன்னதும் தப்புதான். ஆனால் அந்த வருஷம் என் கழுத்தை மெதுவாகத் தொட்டது அவள் ஒருத்திதான் என்பதால் நான் பல மாதம் கத்திரிக்காயைத் தட்டில் ஒதுக்கி வைத்தேன். அதற்கும் வீட்டில் திட்டு.

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளை அவள் அம்மா இடம் மாற்றச் சொல்லிவிட்டாள். ஒட்டிக்கொள்ளும் என்று பயம். டீச்சர் மறுபேச்சில்லாமல் மாற்றினார். ஜன்னலோரத்தில் எனக்குத் தனி பெஞ்ச். வெளியே வேப்பமரம், அதற்கப்பால் ரயில் சத்தம். அந்தத் தோழி அன்றைக்கு மொட்டை மாடியில் என் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள். அவளுக்கு நினைவில்லை. நான் நினைவுபடுத்தவும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அம்மா சொன்னதைத்தான் செய்யும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் எனக்கு எப்போதும் பசி. வயிறு முட்டச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் கை நடுங்குகிற மாதிரி பசி. மத்தியானம் கடைசிப் பீரியடில் தூக்கம் கண்ணை அழுத்தும். அம்மா பிஸ்கட் டின்னை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அலையாதே, பொண்ணு மாதிரி இரு என்பாள். அப்பா அதற்கு நேர் எதிர். குழந்தை வாடிப்போய் இருக்கிறாள் என்று ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் தேங்காய் பன், பன்னீர் சோடா, சீசன் வந்தால் கரும்புச் சாறு. அம்மாவிடம் சொல்லாதே என்று கண்ணைச் சிமிட்டுவார். தானும் என்னோடு சேர்ந்து சாப்பிடுவார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பசி. அந்த பன்னின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. அப்பாவின் அன்பு முழுவதும் அந்த பன்னில்தான் இருந்தது. இப்போது நினைத்தால் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

கிறிஸ்துமஸ் நாடகம் உங்களுக்கு நினைவிருக்கும். பாட்டுச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் என் குரலைக் கேட்டுவிட்டு, மேய்ப்பர்களிடம் வந்து நற்செய்தி சொல்கிற தேவதூதன் வேஷம் எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார். நவம்பர் முழுக்க மழையில் நனைந்துகொண்டே ஒத்திகைக்குப் போனேன். பாடும்போது மட்டும் எனக்குக் கழுத்து இருப்பதே மறந்துவிடும். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வீட்டில் அடுக்களை, கொல்லை, கிணற்றடி எல்லா இடத்திலும் அதே பாட்டைப் பாடி அக்காவைக் கொன்றெடுத்தேன். அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை. தலை வாரும்போது அவளும் கூடவே முணுமுணுப்பாள்.

கடைசி ஒத்திகை அன்றைக்கு உடை வந்தது. வெள்ளை சாட்டின், அகலக் கழுத்து, தலைக்கு ஜிகினா வளையம். சிஸ்டரே என் கழுத்தில் பவுடர் அப்பினார். மேடை விளக்கு வெளிச்சத்தில் வேர்த்து, பவுடர் கோடு கோடாக வழிந்து, கறுப்பு முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த கிளாஸ் டீச்சர் சத்தமாகக் கேட்டார்.

"சிஸ்டர், தேவதூதன் கழுத்துல அழுக்கா?"

சிஸ்டர் என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருக்க வேண்டும். வேஷத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்தார். அவள் மேடையில் வாயசைக்க வேண்டும். நான் திரைக்குப் பின்னால் நின்று பாட வேண்டும். உன் குரல்தானே முக்கியம், கடவுளுக்குத் தெரியும் என்று என் கன்னத்தைத் தட்டினார். நான் தலையாட்டினேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. அம்மா, அப்பா, அக்கா மூன்று பேரும் முன்வரிசைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். திரையின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். அம்மா பட்டுப் புடவை கட்டியிருந்தாள். தேவதூதன் வேஷம் வந்தது. அம்மா முகத்தில் சிரிப்பு வந்து, அது நான் இல்லை என்று தெரிந்ததும் அப்படியே நின்றது. அப்புறம் என் குரல் வந்தது. அவள் மேடையை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்க ஆரம்பித்தாள். பாட்டு முடிகிறவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கை தட்டினார், ரொம்ப நேரம்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். பாட்டு நன்றாக இருந்தது என்று அக்கா மட்டும் சொன்னாள், அவள் அதிசயமாகப் பாராட்டிய ஒரே தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கல்லை எடுத்தவள் நிறுத்தவே இல்லை. அவள் அழுதுகொண்டே தேய்த்தாள். ரத்தம் நுரையோடு கலந்து ஓடியதைப் பார்த்துவிட்டுத்தான் கல்லைக் கீழே போட்டாள். பொங்கலுக்குள் அது சீழ் பிடித்து, கழுத்தைத் திருப்ப முடியாமல், ஜுரம் வந்தது.

மார்க்கெட் ரோடு டாக்டர் புண்ணைத்தான் பார்த்தார். ஊசி போட்டார், களிம்பு கொடுத்தார். பிள்ளை சோர்ந்து சோர்ந்து விழுகிறாள் என்று அப்பா சொன்னதற்குச் சிவப்பாக, பாகு மாதிரித் தித்திப்பாக ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். பசி எடுக்குமாம். எனக்குப் பசி எடுக்க மருந்து. சிரிப்பதா அழுவதா என்று நீங்களே சொல்லுங்கள்.

புண் ஆறியது, கறுப்பு இருந்தது. அப்பா லீவு போட்டுவிட்டு எங்களைப் பட்டணத்தில் ஒரு பெரிய தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். அம்மாவும் வந்தாள். மின்விசிறி சுற்றுகிற பெரிய கூடத்தில் காத்திருந்து, மத்தியானம் உள்ளே கூப்பிட்டார்கள். அவர் என் கழுத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தார். அழுக்கு இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழலாம் போலிருந்தது. படையாக இருக்கலாம், தடவ எழுதித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, வாயைத் திறந்துவிட்டேன்.

"டாக்டர், எங்கப்பா கழுத்துலயும் இதே மாதிரி இருக்கு."

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. சிரித்தார். "அப்பா செல்லமோ? கலர் அப்பாவாட்டம்தான் வரும்" என்றார். எனக்குப் பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்திருந்தார். கர்ச்சீப் கழுத்தில் இருந்தது. டாக்டர் கண்ணை உயர்த்தி, அதைக் கொஞ்சம் எடுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். அப்பாவும் அவராகவே எடுத்திருக்கலாம். அவர் லேசாகச் சிரித்துவிட்டு அதைச் சரிசெய்து இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அம்மா தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

களிம்பு தடவியதில் தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் மறுபடி அதே கறுப்பு வந்தது. அதன்பிறகு எல்லாருக்கும் அலுத்துவிட்டது. எட்டாம் வகுப்பில் உயரமான காலர் வைத்த சட்டை, அப்புறம் தாவணி, அப்புறம் தளர்ந்த கொண்டை என்று மூடக் கற்றுக்கொண்டேன். பாட்டு வகுப்புக்குப் போகவில்லை. சிஸ்டர் கேட்டபோது தொண்டை சரியில்லை என்று சொன்னேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அப்பாவுக்குச் செருப்புக் கடித்த புண் ஆறாமல் போனது. அப்போதுதான் சர்க்கரை என்று தெரிந்தது. எவ்வளவு நாளாக இருக்கிறதோ, உள்ளே எல்லாம் கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை. சைக்கிள் கொல்லை மாமரத்தில் சாய்ந்தபடி துருப்பிடித்தது. அவர் ஓய்வு பெறுவதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அந்த ஆஸ்பத்திரிகளில் எத்தனையோ டாக்டர்கள் அவரைப் பார்த்தார்கள். ஒருவரும் அவர் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அல்லது சொல்லி எங்கள் காதில் விழவில்லை.

எனக்கு விஷயம் தெரிந்தது முப்பது வயதில், பையன் வயிற்றில் இருந்தபோது. என்னைவிடச் சின்னவளாக ஒரு டாக்டரம்மா. ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டியவள் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, இது எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டாள். அப்புறம் வீட்டில் யாருக்கெல்லாம் சர்க்கரை, யாருக்கெல்லாம் இந்தக் கழுத்து என்று கேட்டாள். மூன்றே கேள்வி. உடம்பில் இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்துகொண்டே இருந்தால் தோல் மடிப்புகளில் இப்படித் தடித்துக் கறுக்கும் என்றாள். சர்க்கரை அப்போது சரியாகவே இருக்கும், பல வருஷம் கழித்துத்தான் ஏறும். அதற்குள் கண்டுபிடித்தால் சாப்பாட்டை மாற்றி, உடம்பை அசைத்து, தள்ளிப்போடலாம், சிலருக்கு வராமலேகூடத் தடுக்கலாம் என்றாள். தேய்த்தால் போகுமா என்று கேட்டேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும் என்றாள். நான் அந்த அறையிலேயே அழுதேன். கர்ப்பிணிகள் அழுவார்கள் என்று பழகியவள் போல அவள் ஒரு டிஷ்யூவை எடுத்து நீட்டினாள்.

அதை அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். ஓகோ என்றாள். அவ்வளவுதான். அப்பாவின் கழுத்தைப் பற்றி நான் பேசவில்லை. பேசினால் எங்கே போய் முடியுமோ என்ற பயம்.

மொட்டை மாடியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு அந்தப் பயம் போய்விட்டது. அம்மா இப்போது எண்பது தாண்டிவிட்டாள், பெரும்பாக்கம் பக்கம் எங்கள் அடுக்குமாடி வீட்டில் என்னோடுதான் இருக்கிறாள். காது நன்றாகக் கேட்கும். பால்கனியில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அப்பா கழுத்தும் என் கழுத்து மாதிரிதான்னு சொன்னதுக்கு என்னை அடிச்சியே, ஞாபகம் இருக்காம்மா?"

"இருக்கு."

"ஏன் அடிச்சே?"

கறிவேப்பிலையை உருவிக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணம் ஆன புதுசுல அவர் கழுத்தையும் நான் தேய்ச்சுப் பார்த்தேன். மாசக்கணக்கா. எங்கப்பாவுக்கும் இப்படித்தான், போகாது, விடுன்னு அவரே சொன்னார். விட்டுட்டேன்."

"அப்போ எனக்கும் போகாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டேதான் தேய்ச்சியா?"

"அவர் ஆம்பளை. கர்ச்சீப்பைப் போட்டுகிட்டு ஆபீஸ் போயிட்டார், யார் கேட்டா? உன்னை நாலு பேர் பார்ப்பாங்களேடி. போகாதுன்னு தெரிஞ்சாலும் நான் கையைக் கட்டிக்கிட்டு எப்படி உட்கார்ந்திருக்கிறது?"

நான் எழுந்து உள்ளே வந்துவிட்டேன். அந்த தோல் டாக்டர் அறைதான் கண்ணில் நின்றது. அப்பாவுக்குத் தெரியும். அப்பாவின் அப்பாவுக்கும் இருந்தது என்று அவருக்கே தெரியும். அம்மாவுக்கும் அத்தனையும் தெரியும். மூன்று பேர் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். சொன்னது நான் ஒருத்திதான். இரண்டு பேரும் ஆமாம் டாக்டர் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அவர் பேனாவைக் கீழே வைத்திருப்பாரோ என்னவோ. வைக்காமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. அம்மா எதற்காகச் செய்தாள் என்று புரிந்துவிட்டால் கோபம் போய்விடும் என்று நீங்கள் சொல்வீர்கள். புரிகிறது. கோபம் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கறிவேப்பிலைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். வாசல்படியில் நின்று, "உன் பையன் கழுத்தைப் பார்த்திருக்கியா?" என்று கேட்டாள்.

பார்த்திருக்கிறேன். சோழிங்கநல்லூரில் வேலை, அங்கேயே நண்பர்களோடு வீடு. நாள் முழுக்க நாற்காலி, பொழுது சாய்ந்தால் பரோட்டா. அவன் கழுத்தில் பட்டை தெரிய ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. சொன்னால் ஹெல்மெட் வார் உரசுதும்மா என்கிறான். தாத்தாவைப் பற்றிச் சொன்னால், அந்தக் காலத்துல மெடிசின் இல்லம்மா என்கிறான். அடுத்த வாரம் டெஸ்ட் எடுக்கிறேன் என்று போன வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். படித்த பிள்ளை. எல்லாம் கையிலேயே போனில் இருக்கிறது. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அதனால் நேற்று ஒரு வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்தம் எடுக்க ஆய்வகத்திலிருந்து ஆளை வீட்டுக்கே வரச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டு, பையனைப் போனில் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வந்துவிடு, காபிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு வா என்றேன்.

"ஏம்மா, பிரியாணியா?" என்றான்.

ஆமாம்டா என்றேன்.